நெடும் புதினத்தை நிதானமாகப் படிப்போம்



சென்ற ஆண்டு நம் பள்ளி மாணவி ஒருத்தி, நூலகத்தில் எடுத்த ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தை மூன்றாம் வாரத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். “ஐயா, நாற்பது பக்கந்தான் படிக்க முடிந்தது. இடையில் தேர்வு வந்தது, தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, கைப்பேசியும் விடவில்லை. இவ்வளவு மெதுவாகப் படித்தால் எப்போது முடிப்பது?” என்றாள். நூலை அவள் திருப்பிக் கொடுத்தது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. மெதுவாகப் படிப்பதைக் குற்றம் என்று அவள் எண்ணியதே என்னை வருத்தியது. அன்று அவளுக்கு முழுமையாகச் சொல்ல இயலாத விடையே இப்பாடம்.

வாரந்தோறும் வந்த கதை

‘பொன்னியின் செல்வன்’ முதன்முதலில் ஐந்து பெரிய நூல்களாக வெளிவரவில்லை. கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி அதனைத் தம் ‘கல்கி’ வார இதழில் 1950ஆம் ஆண்டு எழுதத் தொடங்கினார். 1954ஆம் ஆண்டு நிறைவு செய்தார். ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் அக்கதை தொடர்ந்தது. ஓவியர் மணியம் அதற்குப் படம் வரைந்தார்.

அக்காலத்தில் ஒருவர் விரும்பினாலும் அப்புதினத்தை ஒரே மூச்சில் படித்திருக்க முடியாது. ஒரு வாரப் பகுதியைப் படித்தபின் அடுத்த இதழ் வரும்வரை காத்திருந்தே ஆகவேண்டும். அந்த இடைவெளியில் பள்ளி, அலுவலகம், அடுக்களை, வயல் என அவரவர் வேலைகள் நடந்தன. தீபாவளியும் பொங்கலும் மும்முறைக்கு மேல் வந்து போயின. வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்பதும் உண்டு. இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைத் தனியே எடுத்துத் தைத்து, நூலாகக் கட்டிவைத்த குடும்பங்களும் பல.

எனவே, அன்றாட வாழ்வுக்கு இடையில், சிறிது சிறிதாகப் படிக்கப்படுவதற்கென்றே அக்கதை எழுதப்பட்டது. அத்தியாயத்தின் இறுதியில் ஒரு வினா நம் மனத்தில் எழுகிறது. ஒரு வாரம் கழிந்தாலும் அவ்வினா நம்மை மீண்டும் கதைக்குள் அழைத்து வருகிறது.

இது கல்கிக்கு மட்டும் உரிய முறையன்று. தமிழின் தொடக்ககாலப் புதினங்களுள் ஒன்றான பி. ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்தது. பாலக்காட்டிற்கு அருகிலுள்ள தஸ்ராக் என்னும் சிற்றூரைக் களமாகக் கொண்டு ஓ. வி. விஜயன் எழுதிய ‘கசாக்கின் இதிகாசம்’ என்னும் மலையாளப் புதினமும், 1968ஆம் ஆண்டு ‘மாத்ருபூமி’ வார இதழில் தொடராக வந்த பின்னரே நூலாயிற்று.

தேநீர்க் கடையில் ஒரு நூலகம்

“வேலை மிகுந்தவர்களால் படிக்க இயலுமா?” என்று நீங்கள் கேட்கலாம். இடுக்கி மாவட்டத்தின் இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. அடர்ந்த காட்டினுள் முதுவர் இன மக்கள் வாழும் அப்பகுதியில், பி. வி. சின்னத்தம்பி என்னும் முதியவர் சிறியதொரு தேநீர்க் கடை நடத்தினார். அக்கடையே நூலகமாகவும் விளங்கியது. அங்கிருந்தவை 160 நூல்கள். மலையாளப் பேரெழுத்தாளர்களின் படைப்புகளோடு சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் அவற்றுள் இருந்தது. எந்த நூலை யார் கொண்டு சென்றார் என்பதை அவர் பதிவேட்டில் எழுதி வைத்தார். இதழாளர் பி. சாய்நாத் 2014ஆம் ஆண்டு இச்செய்தியை வெளியுலகிற்கு எடுத்துரைத்தார். உழைப்புக்கும் ஓய்வுக்கும் இடையே கிடைக்கும் சிறு பொழுதும் படிப்பதற்குப் போதும் என்பதை அக்கடை உணர்த்துகிறது.

நெடும் புதினம் நமக்கு ஏன் வேண்டும்?

நீங்கள் தெருவில் மலையாளம் பேசுகிறீர்கள். வகுப்பறையில் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறீர்கள். தமிழோ பெரும்பாலும் வீட்டுப் பேச்சாக நின்றுவிடுகிறது. சோறு, தண்ணீர், கூலி, ஊர்ப்பயணம் ஆகியவற்றைப் பேச அத்தமிழ் போதும். ஆனால் ஐயம், மனக்கசப்பு, விட்டுக்கொடுத்தல், நன்றி ஆகியவற்றை விரிவாகச் சொல்ல மேலும் சொற்கள் வேண்டும். பாடநூல் ஒரு புதிய சொல்லை ஓரிரு முறை காட்டிச் செல்லும். நெடும் புதினமோ அதே சொல்லை வெவ்வேறு மாந்தர் வாயில், வெவ்வேறு சூழலில் பலமுறை காட்டும். அகராதியைப் பாராமலே அச்சொல் நம்முடையதாகிவிடும். மெதுவாகப் படிப்பவர்க்கே இப்பயன் மிகுதி.

எவ்வாறு படிப்பது?

‘பொன்னியின் செல்வன்’ 293 அத்தியாயங்களைக் கொண்டது. கோடை விடுமுறை முடிந்து ஜூன் முதல் நாள் தொடங்கி, நாளுக்கு ஓர் அத்தியாயம் படித்தால் மார்ச் 20ஆம் நாள் நிறைவுறும். ஒரு கல்வியாண்டுக்குள் முடிந்துவிடுகிறது!

நாள்தோறும் ஒரே வேளையைப் படிப்பதற்கென ஒதுக்குங்கள். அப்பொழுது கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

கதைமாந்தர் பெயர்களை ஒரு தாளில் எழுதி நூலுக்குள் வையுங்கள். அருள்மொழிவர்மரே பொன்னியின் செல்வர்; அவரே பின்னாளில் இராசராச சோழர். இவ்வாறு ஒருவர்க்குப் பல பெயர்கள் வரும்போது அத்தாள் உதவும்.

சில நாள்கள் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்காதீர்கள். கடைசியாகப் படித்த அத்தியாயத்தை மட்டும் மறுபடி புரட்டிவிட்டு மேலே செல்லுங்கள்.

பாட்டிக்கோ அம்மாவுக்கோ ஒரு பகுதியை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். உங்களுக்குத் தெரியாத சொல் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பொன்னி என்பது காவிரியின் மற்றொரு பெயர். பாலக்காட்டு அட்டப்பாடி வழியே ஓடும் பவானி ஆறு கிழக்கே சென்று காவிரியில் கலக்கிறது. இடுக்கியின் மறையூர்ப் பகுதியில் ஓடும் பாம்பாறும் அமராவதியோடு சேர்ந்து காவிரியையே அடைகிறது. உங்கள் மலைநீர் சென்றடையும் ஆற்றின் கதையே அது, அயலார் கதையன்று.

அம்மாணவி இவ்வாண்டு ஜூன் மாதம் அந்நூலை மீண்டும் பெற்றுச் சென்றாள். நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து தொடங்கினாள். இப்பொழுது இரண்டாம் பாகம் அவள் பையில் இருக்கிறது.

எண்ணிப் பார்ப்போம்

1. ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்த காலத்தில் மக்கள் அதனை எவ்வாறு படித்தனர்?
2. நெடும் புதினம் நம் சொல்வளத்தை எங்ஙனம் பெருக்குகிறது?
3. உங்கள் ஒரு நாள் அட்டவணையை எழுதி, அதில் ஓர் அத்தியாயம் படிப்பதற்குரிய வேளையைக் குறித்துக் காட்டுக.