பாலையும் குறிஞ்சியும்: பனிக்காலப் புட்காட்சி

பறவைகளைக் காண விழைவோர் பெரும்பாலும் நீர் நிறைந்த ஏரிகளையே நாடுவர். வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் பெயர் பெற்றமை அதனாலன்றோ! ஆயினும், நீரற்ற முட்புதர் வெளியும் பாறை நிறைந்த மலைச்சாரலும் பனிக்காலத்தில் தொலைநாட்டுப் பறவைகளுக்கு உறைவிடமாகின்றன என்பதைப் பலர் அறியார். சென்ற மார்கழி விடுமுறையில் விலங்கியல் ஆசிரியர் ஒருவரும் மாணவர் எண்மரும் கள்ளக்குறிச்சியை அடுத்த வறண்ட நிலத்தையும் கல்வராயன் மலையையும் இரண்டு நாள் சுற்றி வந்தோம். மலையாளி என்னும் மலைக்குடியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் எமக்கு வழிகாட்டினார். தமிழ் பயிலும் யான் அங்குக் கற்றவற்றுள் சிலவற்றை ஈண்டு உரைக்கப் புகுகின்றேன்.

முதற்கண் நிலத்தின் இயல்பை நோக்குவோம். தமிழ்நாட்டில் மணற்பெரும்பாலை இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் தம் நல்லியல்பு இழந்து பாலையென்னும் வடிவு கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் கூறும் கருத்து. 2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்றும் பிரிக்கப்பெற்ற கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இவ்வுண்மையைக் கண்கூடாகக் காணலாம். மாவட்டத்தின் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் நிற்கின்றது. சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடியும், பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடியும் உயரமுடையன. கோமுகியும் மணிமுத்தாவும் இம்மலையில் தோன்றுவன. மலையடியிலோ வெள்வேலும் சூரையும் காய்ந்த புல்லும் பரந்துள்ளன. சில கல் தொலைவிலேயே பாலையும் குறிஞ்சியும் அடுத்தடுத்து அமைந்துள்ளமையின், இருவகை நிலத்துப் புள்ளினங்களையும் இரண்டே நாளிற் காண இயல்கின்றது.

இப்பறவைகள் ஏன் வருகின்றன? குளிருக்கு அஞ்சி என்று கூறுதல் முழு உண்மையன்று. வடபுலத்தில் பனி மூடுங்கால் பூச்சிகள் மறைகின்றன. பகற்பொழுதும் குறுகுவதால் இரை தேடும் நேரமும் சுருங்குகின்றது. அதே காலத்தில் நம் நாட்டில் வடகிழக்குப் பருவமழையால் புல் தழைத்து, வெட்டுக்கிளி முதலியன பெருகுகின்றன. ஆகவே புரட்டாசி, ஐப்பசியில் வந்து பங்குனி, சித்திரையில் மீள்கின்றன. கூடு கட்டுவதும் குஞ்சு பொரிப்பதும் தம் தாயகத்திலேயாம்.

முதல் நாள் சமவெளியில் கழிந்தது. வேலமரத்து உச்சியில் பழுப்புக் கீச்சான் தனித்திருந்து பூச்சிகளைப் பிடித்தது. சூறைக்குருவிக் கூட்டம் ஒன்று சோளக்கொல்லையின் மீது புகைபோலத் திரிந்தது. யாம் காண விரும்பியதோ பூனைப்பருந்து. கசகஸ்தான் முதலிய நடு ஆசியப் புல்வெளிகளிலிருந்து வரும் இப்பறவை, நீண்ட சிறகுகளைச் சற்றே மேல்நோக்கி விரித்துப் புல்லின் மேல் ஓரிரு முழ உயரத்திலேயே மிதந்து செல்லும். ஏனைய பருந்துகள் மரத்தில் உறங்க, இதுவோ தரையிற் புல்லினிடையே கூட்டமாக உறங்கும். வெட்டுக்கிளியை மிகுதியாக உண்பதால் உழவருக்குப் பெருநண்பனும் ஆம்.

அந்திவேளையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பருந்துகள் புல்லில் இறங்கின. யான் ஆர்வ மிகுதியால் ஆசிரியரின் சொல்லையும் மறந்து, அருகே காணவேண்டுமென்று புல்லினுள் நடந்தேன். ஏழும் எழுந்தன, இருளில் நெடுநேரம் வட்டமிட்டு, பின் எங்கோ மறைந்தன. முதியவர் சினந்திலர். “தம்பி, நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி கண்ணயரும்போது தட்டி எழுப்புவோமா?” என்று மட்டும் கேட்டார். யான் நாணித் தலைகுனிந்தேன். பின்னர் ஆசிரியர் விளக்கினார்: வலசைப் பறவை தன் உடலிற் சேர்த்த கொழுப்பே மீண்டு செல்லும் பயணத்திற்குக் கட்டுச்சோறு, வீணே பறக்கச் செய்தல் அச்சோற்றைப் பறித்தலாகும். கைப்பேசியிற் பறவையின் குரலை ஒலிக்கச் செய்து வெளியே இழுப்பதும் அத்தகைய தீங்கே.

மறுநாள் கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறினோம். ஓடைக்கரைக் கற்களில் சாம்பல் வாலாட்டி தன் நீண்ட வாலை ஓயாது ஆட்டி நின்றது. இமயச்சாரலிலும் அதற்கு அப்பாலும் பிறக்கும் இச்சிறு பறவை ஆண்டுதோறும் பழகிய இடத்திற்கே திரும்புவதுண்டு. காட்டினுள் உதிர்ந்த சருகுகளைப் புரட்டி இரை தேடிய ஆறுமணிக்குருவியையும் கண்டோம். பச்சை, நீலம், செம்மை எனப் பல நிறங்கள் அதன் மேனியில் விளங்கின. காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூவுவதால் மக்கள் அதற்கு இப்பெயரிட்டனர். தென்னிந்தியப் பாறைமலைகளுக்கே உரிய மஞ்சள் தொண்டைச் சின்னான் மட்டும் எவ்வளவு தேடியும் எமக்குக் காட்சி தரவில்லை. 1929-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெர்னே ஆய்வுக்குழுவினர் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பறவைகளைத் திரட்டி ஆராய்ந்தனர். அக்காலத்தில் ஆராய்ச்சி துப்பாக்கி கொண்டு நடந்தது; இக்காலத்திலோ தொலைநோக்காடியும் குறிப்பேடும் போதும்.

வலசையை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். வம்பு என்னும் சொல்லுக்குப் பழந்தமிழிற் புதுமை என்பது பொருள். புதிதாக வந்த நாரையை அச்சொல்லாற் சிறப்பித்தனர் புலவர். குமரியில் நீராடி வடக்கே திரும்பும் நாரைகளை நோக்கித் தம் மனைவிக்குத் தூது சொன்னார் சத்திமுத்தப் புலவர். பறவைகள் தென்திசை வந்து மீள்வதை அவர் அறிந்திராவிடில் அத்தூது பிறந்திராது.

மாலையில் மலையிறங்கி, முன்னாட் கண்ட புல்வெளியை அணுகினோம். இம்முறை வெகுதொலைவிலேயே அமர்ந்தோம். நான்கு பருந்துகளே வந்தன. எஞ்சிய மூன்றும் வாராமைக்கு யான் காரணமோ என்னும் எண்ணம் இன்றும் என்னை விட்டிலது. அவ்வெளியின் ஒரு புறத்தில் மனைப்பிரிவுக் கற்கள் நடப்பட்டிருந்ததையும் அப்போதுதான் கண்டேன். “கணக்கில் இது தரிசு, தம்பி” என்றார் முதியவர்.

நீர்ப்பறவைகளின் பொருட்டு அண்டை மாவட்டத்துக் கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது, மகிழத்தக்க செய்தியே. முட்புதர் வெளிக்கு அத்தகைய பேறு எளிதில் வாய்ப்பதில்லை. மரமில்லாத நிலம் பயனற்றதென்று எண்ணி, நற்கருத்துடன் மரம் நட்டும் அதனை அழிக்கின்றோம். பயிர் விளையாத நிலம் என்பதும் உயிர் வாழாத நிலம் என்பதும் ஒன்றல்ல. மாணவ நண்பர்காள், விடுமுறையில் நும் ஊர்த் தரிசு நிலத்திற்கு ஒரு காலை சென்று, அமைதியாக அமர்ந்து நோக்குமின். கண்டவற்றை நாளும் இடமும் குறித்து எழுதி வைம்மின். அந்நிலத்தை நம்பி வருவோர் உளர் என்று நாளை சான்று கூற அக்குறிப்பு உதவும்.