விழுந்த மரத்தடியில் ஒரு வாழ்க்கை

கனடாவின் தென்கிழக்கிலிருந்து அமெரிக்காவின் வட கரோலினா வரை பரவியுள்ள காடுகளில் வாழும் செம்முதுகு சாலமாண்டர், பார்வைக்குப் பல்லியைப் போலிருந்தாலும், செதிலற்ற ஈரத்தோலும் நகமற்ற விரல்களும் கொண்ட, தவளைக்கு உறவான இருவாழ்வியாகும். வாலையும் சேர்த்துப் பெரும்பாலும் பத்து சென்டிமீட்டரைத் தாண்டாத இவ்வுயிரின் முதுகில் கழுத்து முதல் வால் வரை ஒரு செம்பட்டை ஓடுகிறது; அப்பட்டை இல்லாத, சாம்பல் நிறத்தவையும் இதே இனத்தில் உண்டு.

இதற்கு நுரையீரல் கிடையாது. தோலின் மீதும் வாயின் உட்புறத்திலும் படிந்திருக்கும் ஈரத்தில் கரைந்த ஆக்சிஜனே இதன் மூச்சு என்பதால், தோல் உலர்ந்தால் மூச்சு நின்றுவிடும். ஆகவே, மழை பெய்த இரவுகளில் சருகுகளின் மீது ஏறிச் சிற்றுண்ணிகளையும் எறும்புகளையும் வேட்டையாடும் இது, வறண்ட நாள்களில் மட்கிய கட்டைகளுக்கும் கற்களுக்கும் அடியில் ஒடுங்கிவிடுகிறது. அந்தக் கட்டையடியைத் தனக்குரிய எல்லையாக எச்சத்தாலும் உடல் வாசனையாலும் குறித்து வைப்பதும் உண்டு. அங்கு வரும் வேறொரு சாலமாண்டர் மூக்கு நுனியைத் தரையில் அழுத்த, மேலுதட்டிலிருந்து நாசித்துளை வரை செல்லும் நுண்ணிய பள்ளம் அந்த வாசனைப் பொருளை ஈரத்தோடு மூக்கினுள் கொண்டு சேர்க்கிறது.

இருவாழ்விகளில் பெரும்பாலானவை நீரில் முட்டையிட, இது குளத்தையோ ஓடையையோ நாடுவதே இல்லை. கோடைத் தொடக்கத்தில் பெண் சாலமாண்டர், கட்டையின் உட்குழிவில், மேற்புறத்திலிருந்து திராட்சைக் கொத்துபோல் சில முட்டைகளைத் தொங்கவிட்டு, அவற்றைச் சுற்றி உடலை வளைத்து, ஏறக்குறைய உண்ணாமலேயே, உலர்வும் பூஞ்சையும் அண்டாமல் வாரக்கணக்கில் காக்கிறது. தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிந்துவிடுவதால், குஞ்சுகள் தாயின் சிற்றுருவாகவே வெளிவருகின்றன. இத்தகைய காவலுக்குப் பின் உடல் தேற வேண்டியிருப்பதால், பல பெண்கள் ஈராண்டுக்கு ஒருமுறையே முட்டையிடுகின்றன.

கண்ணில் படாத உயிரைச் சொற்பமென்று எண்ணுவது தவறு. நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டை ஆராய்ந்த தாமஸ் பர்ட்டனும் ஜீன் லைக்கன்ஸும் 1975-இல் வெளியிட்ட கணக்கின்படி, அக்காட்டுச் சாலமாண்டர்களின் மொத்த எடை, இனப்பெருக்கக் காலத்துப் பறவைகளின் மொத்த எடையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு; அதில் மிகப் பெரும்பங்கு செம்முதுகு சாலமாண்டருடையது. மிகச் சிறிய பூச்சிகளை உண்டு வளரும் இது, பாம்புகளுக்கும் பறவைகளுக்கும் இரையாகிறது.

காடு முற்றாக வெட்டப்படும்போது வெயில் சருகை உலர்த்திவிடுகிறது. நம் உழவர் போற்றும் மண்புழுவும் அங்கே கேடாக முடிந்திருக்கிறது: பனியுகப் பனிப்பாறைகள் மூடியிருந்த வடபகுதிக் காடுகளில் மண்புழு இல்லாதிருக்க, ஐரோப்பியர் வழியாக வந்தவை சருகுப் படுகையை விரைந்து தின்று தீர்க்கின்றன. சாலமாண்டர்களின் தோலை அரித்துக் கொல்லும் பூஞ்சை ஒன்று 2013-இல் நெதர்லாந்தில் அடையாளம் காணப்பட்டதையடுத்து, 2016-இல் அமெரிக்கா 20 பேரினச் சாலமாண்டர்களின் இறக்குமதியைத் தடை செய்தது. தோலால் மூச்சுவிடும் உயிருக்கு இத்தடை மிகவும் தேவையானதே. ஆனால் எல்லையில் போடும் தடை மட்டும் போதாது. விழுந்த மரங்களைக் குப்பையென அகற்றாமல், அவை மட்கும்வரை காட்டிலேயே கிடக்க விடவும் வேண்டும்.