மத்தாப்பில் இருக்கும் இரும்பு, மதலையிடம் இருக்கிறதா?

கம்பி மத்தாப்பில் பூப்பூவாய்ச் சிதறுவது இரும்புத்தூள். சிவகாசிப் பக்கத்துப் பையனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே இரும்பு நம் வீட்டுக் கைக்குழந்தைக்கு எதற்கு என்று கேட்டால் மட்டும், "ரத்தத்துக்கு" என்று நிறுத்திக்கொள்வோம். பாதி மார்க்தான்!

மூளைக்கும் இரும்பு வேண்டும். நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்றொரு கொழுப்பு உறை உண்டு. எலக்ட்ரிகல் பிரிவு நண்பர்களுக்குச் சொன்னால், ஒயருக்கு இன்சுலேஷன் மாதிரி. அது சரியாக அமைய இரும்பு தேவை. அந்த வேலை மும்முரமாக நடப்பது முதல் இரண்டு வயசுக்குள்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தை, தாயிடம் வாங்கிவந்த இருப்பை வைத்து நாலு முதல் ஆறு மாசம் ஓட்டும். தாய்க்கே சோகை என்றால்? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கும், 6-59 மாதக் குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. எல்லாமே இரும்புக் குறைவால் வந்ததல்ல. ஆனாலும் அது முக்கியக் காரணம்.

வில்லங்கம் எங்கே என்றால், இரும்பு தட்டுப்படும்போது இருப்பதை ரத்தச் சிவப்பணுக்களே முதலில் எடுத்துக்கொள்ளும், மூளைக்கு அப்புறம்தான். கண்ணிமையை இழுத்துப் பார்த்து, "வெளுக்கல, பிள்ளை நல்லாத்தான் இருக்கு" என்கிறோமே, அப்போதே மூளை பட்டினி கிடந்திருக்கலாம்.

கோஸ்டா ரிக்கா நாட்டில் பெட்ஸி லோசாஃப் என்ற அம்மையார் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1991-ல் முடிவை வெளியிட்டார். கைக்குழந்தையில் இரும்புக்குறைச் சோகை இருந்த பிள்ளைகள், மருந்தில் ரத்தம் தேறிய பிறகும், அஞ்சு வயசில் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள். குடும்பச் சூழ்நிலையைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் மறையவில்லை.

நம்ம ஊரில் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு வேலைக்கோ போய்விட்டால் பிள்ளை பாட்டியிடம்தான். அழுதால் டீயில் நனைத்த பன். வயிறு நிறையும், ஆனால் டீயிலுள்ள டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது. பாட்டியைக் குறை சொல்லி என்ன செய்ய? ஒருநாள் கூலி போனால் உலை கொதிக்காது. டீயை நிறுத்தி, ஆறு மாசத்துக்கு மேல் நன்றாக வேகவைத்து மசித்த ஈரல், பருப்பு, கீரை கொடுக்கலாம். இரண்டு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

அதோடு அரசு தரும் இரும்புச்சத்து சிரப்பும் உண்டு. ஆறு மாசம் முதல் அஞ்சு வயசு வரை வாரம் இருமுறை, ஒரு மில்லி. இலவசம்தான். மலம் கறுப்பாய்ப் போவதைப் பார்த்துப் பயந்து பாட்டிலை மூலையில் போட்டுவிடுகிறார்கள். அது மருந்தின் நிறம், அவ்வளவுதான். அக்கா வீட்டுக்குப் போனால் பாட்டில் எங்கே என்று கேளுங்கள். ருசியாக இருக்கிறதென்று பிள்ளை முழுசாகக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. தீப்பெட்டியை வைக்கிற மாதிரி கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கணும்.