நாரிநோவுக்குப் பட்டி போதாது

மன்னாரின் பேசாலையிலும் வங்காலையிலும் கரைவலை இழுத்து வயதானவர்களில் நாரிநோ இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். படகு எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து மணலில் நடப்பவர்களுக்கும், குந்தியிருந்து கருவாட்டுக்கு மீன் வெட்டும் பெண்களுக்கும் அதே பாடுதான். நோ வந்தால் முதலில் தைலம், பிறகு பாமசியில் வலிமாத்திரை, அடுத்து முறிவு நெரிவு வைத்தியர், கடைசியில் இடுப்புப் பட்டி. பிசியோதெரபி எனும் இயன்மருத்துவத்தைக் கேள்விப்பட்டவர்கள்கூட அதைக் ‘கரண்ட் பிடிக்கிற இடம்’ என்றே நினைக்கிறார்கள்.

நாரிநோ, அதாவது கீழ்முதுகு நோ, மூன்று மாதம் தாண்டினால் அது நாட்பட்ட நோ. 2020இல் உலகில் சுமார் 619 மில்லியன் பேருக்குக் கீழ்முதுகு நோ இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நாட்பட்ட கீழ்முதுகு நோவுக்கென அது முதன்முதலாக வழிகாட்டி வெளியிட்டது 2023 டிசம்பரில். குறிப்பிட்ட நோய்க் காரணம் எதுவும் இல்லாத நோவுக்கு, முறைப்படி சொல்லித்தரும் உடற்பயிற்சியையும் நோ பற்றிய விளக்கத்தையும் அது பரிந்துரைத்தது. இடுப்புப் பட்டி, முதுகை இழுத்துவிடும் கருவி, மின்தூண்டல் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. ஸ்கானில் ‘டிஸ்க் விலகல்’ என்று இருந்தால் பயந்து படுத்துவிடாதீர்கள். நோவே இல்லாத பலரின் ஸ்கானிலும் அது தெரியும்.

ஆனால் சில அடையாளங்களைக் கண்டால் பயிற்சிக்குக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் அடைப்பது, மலம் கட்டுப்பாடின்றிப் போவது, தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது: உடனே வைத்தியசாலை, தேவைப்பட்டால் 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ். காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது ஆகியவற்றையும் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். வலிமாத்திரையை மாதக்கணக்கில் நீங்களாகவே வாங்கி விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அருகிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, இயன்மருத்துவருக்குக் கடிதம் கேளுங்கள். அந்தச் சிகிச்சைக்காகத் தலைமன்னாரிலிருந்து மன்னார் நகரத்துக்கு அடிக்கடி பஸ் ஏறினால் அன்றைய தொழில் போய்விடும். அதனால் முதல் நாளே, வீட்டில் எதை, எத்தனை தடவை செய்வது என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். என் கணிப்பில், கட்டிலில் படுத்து வாங்கும் சிகிச்சையைவிட அந்தத் தாளுக்குத்தான் பெறுமதி கூட. ஆரம்பத்தில் தசை கொஞ்சம் நோகும். நோ காலில் கீழே இறங்கினாலோ மரப்பு கூடினாலோ பயிற்சியை நிறுத்திச் சொல்லுங்கள்.

என்ன செய்யப் போகிறார்கள், ஏன் என்று தமிழில் கேட்டறிய உங்களுக்கு உரிமை உண்டு. வடக்கில் தமிழே நிர்வாக மொழி. விருப்பமில்லாத சிகிச்சையை மறுக்கலாம். பெண்கள் வீட்டார் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தனியார் இடத்துக்குப் போனால், சிகிச்சை தருபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று காசு கட்டுமுன் கேளுங்கள். அந்த நிலையமும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிந்திருக்க வேண்டும்.

குறை இருந்தால் முதலில் வைத்தியசாலைப் பணிப்பாளரிடமும், தீராவிட்டால் மன்னார் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடமும் எழுத்தில் கொடுங்கள். தொழில் ஒழுக்கம் மீறிய விடயம் மருத்துவ சபைக்குப் போகும். அரச நிறுவனத்திலுள்ள உங்கள் பதிவுகளை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோரலாம். எழுதிக் கொடுத்ததன் திகதி போட்ட பிரதி ஒன்றைக் கிளினிக் கொப்பிக்குள்ளேயே வைத்திருங்கள்.