கொடைக்கானல் டெக்னோ நைட்: ஒரு வீக்கெண்டோட முழு பில் எவ்ளோ?

வியாழக்கிழமை சாயங்காலம், லாகவுட் பண்ணப் போற நேரம். வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போஸ்டர் வந்து விழுது. கறுப்பு பின்னணி, பச்சை கலர்ல பைன் மரங்கள், நடுவுல நாலு டிஜே பேரு. கீழ ஒரு வரி: "கொடை மேல்மலை. சனி இரவு. லொகேஷன் அன்னைக்கு சாயங்காலம்தான் அனுப்புவோம்." அடுத்த நிமிஷமே ஒருத்தர் "நான் ரெடி"ன்னு போடறாரு. இன்னொருத்தர் "தலைக்கு எட்டாயிரம் வரும்டா, அவ்ளோதான்"ங்கறாரு.

அந்த "எட்டாயிரம் அவ்ளோதான்" பத்திதான் இந்தக் கட்டுரை. போகாதீங்கன்னு சொல்ல வரல. "வீக்கெண்ட் டிரிப்பை விட்டா கோடீஸ்வரன் ஆகலாம்"னு கணக்குப் போட்டுக் காட்டுறது நம்ம வழக்கமும் இல்ல. ஆனா எதுக்கு எவ்ளோ கொடுக்கிறோம்னு தெரிஞ்சே போகணும்.

இந்த மியூசிக் மலைக்கு எப்படி வந்துச்சு?

டெக்னோ பிறந்தது அமெரிக்காவோட டெட்ராய்ட்ல, ஹவுஸ் பிறந்தது சிகாகோவுல. ரெண்டுமே 1980கள். நம்ம நாட்டுப் பக்கம் வந்தா, கோவாவோட அஞ்சுனா கடற்கரையில வெளிநாட்டுப் பயணிகள் ராத்திரி முழுக்க ஆடின பார்ட்டிகள்ல இருந்து "கோவா டிரான்ஸ்"னு ஒரு தனி வகையே 1990கள்ல உருவாச்சு. ராணுவ சேவையை முடிச்சிட்டு இந்தியா சுத்த வர்ற இஸ்ரேல் இளைஞர்களுக்கு இந்த இசைன்னா உயிர். அவங்கள்ல ஒரு பகுதி வந்து தங்கின இடம்தான் கொடைக்கானல் டவுனுக்குப் பக்கத்துல, டால்பின் நோஸ் போற வழியில இருக்கிற வட்டக்கானல். அதனாலதான் அந்தச் சின்ன ஊருக்கு "லிட்டில் இஸ்ரேல்"னு ஒரு பேரு.

1845-ல அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்குப் பயந்து மேல ஏறி வந்து உருவாக்கின ஊர் கொடைக்கானல். இன்னைக்கு பெங்களூர், சென்னை, கொச்சியில இருந்து டிசைனர், எடிட்டர், மியூசிக் பண்றவங்க, லேப்டாப்போட எங்கிருந்தும் வேலை பார்க்கிறவங்கன்னு ஒரு கூட்டம் அதே மாதிரி மேல ஏறுது. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால்னு மேல்மலை கிராமங்கள் வரைக்கும் காட்டேஜ் வந்தாச்சு.

இந்த மலைக்கும் இளம் கலைஞர்களுக்கும் உள்ள உறவு பார்ட்டியோட முடியல. 2015-ல சோஃபியா அஷ்ரஃப் "கொடைக்கானல் வோன்ட்"னு ஒரு ராப் வீடியோ போட்டாங்க. 2001-ல மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையோட பாதரசக் கழிவைப் பத்தினது அது. உலகம் முழுக்கப் பரவுச்சு. அடுத்த வருஷம், 2016 மார்ச்சில, 591 முன்னாள் தொழிலாளர்களோட ஹிந்துஸ்தான் யூனிலீவர் ஒப்பந்தம் போட்டுச்சு. தொழிலாளர்கள் பல வருஷமா நடத்தின போராட்டத்துக்கு ஒரு பாட்டு எவ்ளோ பெரிய கவனத்தைக் கொண்டு வர முடியும்ங்கறதுக்கு அது ஒரு சாட்சி.

சரி, இப்போ பில்லுக்கு வருவோம்.

எட்டாயிரம் எப்படி பதினைஞ்சாயிரம் ஆகுது?

சென்னையில இருந்து ரெண்டு ராத்திரி டிரிப், ரூமை ரெண்டு பேர் ஷேர் பண்றீங்கன்னு வெச்சுக்குங்க. கீழ இருக்கிறது ஒரு மாதிரிக் கணக்குதான். உங்க ஊர், சீசனைப் பொறுத்து மாத்திக்கலாம்.

- பஸ், போக வர: ₹2,800
- ரூம், ஒரு நாள் ₹3,000 வீதம் 2 நாள், உங்க பங்கு: ₹3,000
- அதுக்கு 5% ஜிஎஸ்டி: ₹150
- பார்ட்டி என்ட்ரி: ₹2,500
- மேல்மலை போக வர ஜீப், உங்க பங்கு: ₹1,500
- சாப்பாடு, டீ, நடுராத்திரி ஆம்லெட்: ₹2,400
- டிரிங்க்ஸ் வகையறா: ₹2,000
- குளிர் தாங்காம அங்கேயே வாங்குற ஜெர்கின், குல்லா, சாக்ஸ்: ₹1,150

மொத்தம் ₹15,500.

குரூப்ல சொன்ன கணக்குல பஸ், ரூம், என்ட்ரி மூணும்தான் இருந்துச்சு. அது ₹8,300. மீதி ₹7,200 யார் வாயிலயும் வராத செலவு. கைக்கு வர்ற சம்பளம் ₹35,000-னா, இந்த ஒரு வீக்கெண்ட் அதுல 44%.

இதுல கொஞ்சம் குறைக்கலாம். டிசம்பர், ஜனவரி ராத்திரியில குளிர் 10 டிகிரிக்குக் கீழ போகும்னு தெரிஞ்சே போறோம், அதனால ஜெர்கினை வீட்ல இருந்தே எடுத்துட்டுப் போங்க. ரூம் வாடகை நாளுக்கு ₹7,500-ஐத் தாண்டினா ஜிஎஸ்டி 18%. 2025 செப்டம்பர் 22-ல இருந்து அதுக்குக் கீழ 5%தான். நாலு பேர் சேர்ந்து ஒரு பெரிய காட்டேஜ் எடுக்கிறதா, ரெண்டு சின்ன ரூமான்னு முடிவு பண்றப்போ இதையும் பாருங்க.

சொந்த வண்டியில போனா இ-பாஸ் வேணும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல இருந்து இது வந்துச்சு. 2025 கோடையில வார நாள்ல 4,000 வண்டி, வீக்கெண்ட்ல 6,000 வண்டின்னு வரம்பே வெச்சாங்க. பாஸ் கிடைக்காம ரூம் அட்வான்ஸை இழந்துடாதீங்க. பாஸ் முதல்ல, புக்கிங் அப்புறம். அரசு பஸ்ல போனா இந்தத் தலைவலி இல்ல. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு போனா ஒரு பாட்டிலுக்கு ₹20 பசுமை வரின்னும் விதி இருக்கு. ஸ்டீல் பாட்டில் எடுத்துக்குங்க.

எதுல இருந்து கட்டப் போறீங்க?

செலவு பண்ற தொகையை விட முக்கியமான கேள்வி இது.

இந்த ₹15,500-ஐ கிரெடிட் கார்டுல தேய்ச்சிட்டு, மாசாமாசம் "மினிமம் டியூ" மட்டும் கட்டுறீங்கன்னு வைங்க. மாச வட்டி 3.5%, அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, ஆக 4.13%. மினிமம் டியூ 5%. வேற எதுவும் புதுசா வாங்கலன்னே எடுத்துக்குவோம். ஒரு வருஷத்துல நீங்க கட்டியிருப்பது சுமார் ₹9,100. இன்னும் பாக்கி எவ்ளோ தெரியுமா? சுமார் ₹13,600!

₹9,100 கட்டியும் கடன் ₹1,900தான் குறைஞ்சிருக்கு. மீதி ₹7,200 வட்டியும் வரியும். கவனிச்சீங்களா, குரூப்ல யாரும் சொல்லாத செலவு எவ்ளோவோ, கிட்டத்தட்ட அதே அளவு இன்னொரு தடவை. அது மட்டுமில்ல. பாக்கியை முழுசா கட்டாம வெச்சிருந்தா, புதுசா வாங்குற பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. வாங்கின அன்னைக்கே மீட்டர் ஓட ஆரம்பிச்சிடும்.

இதை புத்தகத்துல படிச்சு சொல்லல. எனக்கு முதல் வேலை கிடைச்ச ரெண்டாவது வருஷம், கார்டு லிமிட் ₹40,000. கொடை டிரிப் அதுல, போன் இஎம்ஐ அதுல, ஒரு ஷூவும் அதுல. இஎம்ஐக்கு மாத்தினா லிமிட் திரும்பக் கிடைச்சிடும்னு நெனச்சுட்டு இருந்தேன். கட்டக் கட்டத்தான் லிமிட் திரும்பும்னு அப்போ தெரியாது. மார்ச் மாசம் அம்மாவுக்கு ஒரு சின்ன ஆபரேஷன். அட்மிஷனுக்கு அட்வான்ஸ் ₹25,000 கேட்டாங்க. கார்டை நீட்டினேன், போகல. திரும்ப ஒரு தடவை தேய்ச்சுப் பார்த்தாங்க, போகல. பின்னாடி வரிசையில நின்னவங்க பார்த்துட்டு இருந்தாங்க. கடைசியில மாமா வந்து கட்டினார். "பரவால்லடா தம்பி"ன்னு மட்டும்தான் சொன்னார். அதுக்கு அவர் என்னைத் திட்டியிருந்தா கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

டிரிப் போனது தப்புன்னு எனக்கு இன்னைக்கும் தோணல. அந்த ராத்திரி மூடுபனிக்குள்ள கேட்ட மியூசிக் இன்னும் காதுல இருக்கு. அவசரத்துக்குன்னு இருந்த பணத்துல போனதுதான் தப்பு.

பில்லுல வராத செலவு

இப்போ கொஞ்சம் சீரியஸான பகுதி. 2019 பிப்ரவரியில கொடைக்கானல் மேல்மலையில குண்டுபட்டியில நடந்த ஒரு பார்ட்டியை போலீஸ் ரெய்டு பண்ணி, இருநூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பிடிச்சாங்க. அதே வருஷம் மே மாசம் பொள்ளாச்சி பக்கம் சேத்துமடையில நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது. இதுல நம்ம பாக்கெட்டை, வேலையைத் தொடுற விஷயங்கள் நாலு இருக்கு.

ஒண்ணு, சத்தம். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி, திறந்தவெளியில ஸ்பீக்கர் வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேணும். ராத்திரி 10-ல இருந்து காலை 6 வரை கூடாது. திருவிழா போன்ற நாட்களுக்கு மாநில அரசு 12 மணி வரைக்கும் தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல இல்ல. ஆக "விடிய விடிய ஓபன் ஏர்"னு போஸ்டர்ல இருந்தாலே யோசிங்க. நின்னு போனா என்ட்ரி பணம் திரும்ப வராது.

ரெண்டு, இடம். கொடைக்கானலைச் சுத்தி இருக்கிறது 2013-ல அறிவிக்கப்பட்ட வனவிலங்கு சரணாலயம். அனுமதி இல்லாம காட்டுக்குள்ள போறதே குற்றம். லொகேஷனை கடைசி நிமிஷம் வரைக்கும் மறைச்சா, ஏன் மறைக்கிறாங்கன்னு கேளுங்க.

மூணு, போதைப்பொருள். "காளான்தானே, இயற்கைதானே"ன்னு சொல்வாங்க. மேஜிக் காளான்ல இருக்கிற சைலோசைபின் என்டிபிஎஸ் சட்டப் பட்டியல்ல இருக்கு. எல்எஸ்டிக்கு வெறும் 0.1 கிராமே "வணிக அளவு". அதுக்கு 10-ல இருந்து 20 வருஷ சிறை, ஜாமீனும் லேசுல கிடைக்காது. ஒரு கிலோ வரை கஞ்சா "சிறு அளவு"தான், அதுக்கே ஒரு வருஷம் வரை சிறைக்கு இடமிருக்கு. ரூமோ வண்டியோ உங்க பேர்ல இருந்தா முதல் கேள்வி உங்ககிட்டதான் வரும். தெரிஞ்சே இடம் கொடுத்தா அதுவும் தனிக் குற்றம்.

வக்கீல் ஃபீஸ், வாய்தாவுக்கு திண்டுக்கல், மதுரைன்னு அலையுற லீவு, சம்பளப் பிடித்தம் எல்லாம் ஒரு பக்கம். கோர்ட்டுல கிரிமினல் வழக்கு நிலுவையில இருந்தா பாஸ்போர்ட்டை மறுக்க சட்டத்துல இடமிருக்கு. கோர்ட் அனுமதி வாங்கித்தான் முயற்சி பண்ணணும். ஆன்சைட் கனவுல இருக்கிறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. கம்பெனி மாறும்போது பேக்ரவுண்ட் செக்கும் இருக்கு.

நாலு, திரும்பி வர்ற வழி. பெருமாள்மலை, காட்ரோடு வழியா விடிகாலை பனியில கொண்டை ஊசி வளைவுகள். குடிச்சிட்டு ஓட்டினா முதல் தடவைக்கே ₹10,000 அபராதம், ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். போதையில நடந்த விபத்துக்கு வண்டி சேதக் கிளெய்ம் கிடைக்காது. தனிநபர் விபத்து பாலிசிகள்லயும் பொதுவா இந்த விலக்கு இருக்கும். பாலிசி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நீங்களே டிஜேவா?

பகல்ல கோடிங், வீக்கெண்ட்ல கன்சோல்னு இருக்கிற நண்பர்களுக்கு மூணு விஷயம். கிக்ல வர்ற பணமும் வருமானம்தான், ஐடி ரிட்டர்ன்ல காட்டணும். தொழில் வருமானம் வந்துட்டா ஐடிஆர்-1 போட முடியாது. நிறுவனங்கள் 10% டிடிஎஸ் பிடிச்சிருந்தா ஃபார்ம் 26ஏஎஸ்-ல பார்த்து கணக்குல எடுத்துக்குங்க, நிறைய பேர் அதை விட்டுடறாங்க. ஆபர் லெட்டர்ல "வேற வேலை செய்யக்கூடாது"ன்னு வரி இருக்கான்னும் பாருங்க. கன்ட்ரோலர், ஹெட்போன் வாங்குறப்போ, கிக்ல வந்த பணத்துல மட்டும் வாங்குறதுன்னு ஒரு விதி வெச்சுக்குங்க. சம்பளத்தைத் தொடாதீங்க.

அப்போ என்னதான் பண்றது?

1. வருஷத்துக்கு எத்தனை டிரிப்னு ஜனவரியிலேயே முடிவு பண்ணுங்க. ரெண்டுன்னா ₹31,000. மாசம் சுமார் ₹2,600. ஒண்ணுன்னா ₹1,300 போதும்.
2. சம்பளம் வந்த அன்னைக்கே அந்தத் தொகை தனி ஆர்டிக்கோ, தனி சேவிங்ஸ் அக்கவுண்டுக்கோ போகட்டும். ஒரு வருஷத்துக்குள்ள எடுக்கப் போற பணத்தை ஈக்விட்டி எஸ்ஐபில போடாதீங்க. நீங்க கிளம்புற வாரம் மார்க்கெட் இறங்கியிருக்கலாம்.
3. அவசர நிதி தனி. டிரிப் பணம் தீர்ந்தா அதுல கை வைக்கக் கூடாது. அந்த வருஷம் டிரிப் அவ்ளோதான்.
4. கார்டுல புக் பண்ணலாம், ஆனா அந்தப் பணம் முன்னாடியே அக்கவுண்டுல இருக்கணும். பில் வந்ததும் முழுசா கட்டிடுங்க.
5. பணம் கட்டும் முன்னாடி ஏற்பாட்டாளர்கிட்ட மூணு கேள்வி: இடம் எங்க, போலீஸ் அனுமதி இருக்கா, கேன்சல் ஆனா ரீஃபண்ட் உண்டா? மூணுக்கும் நேரடி பதில் வரலன்னா, அந்தப் பணத்துல ஏரியைச் சுத்தி சைக்கிள் ஓட்டிட்டு, ஏழு ரோட்டுல சூடா ஒரு டீ குடிச்சிட்டு, வீட்டுக்கு மலைப்பூண்டு வாங்கிட்டு வாங்க. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பூண்டு அது. அம்மா சந்தோஷப்படுவாங்க.

அடுத்த போஸ்டர் வரும்போது "நான் ரெடி"ன்னு டைப் பண்றதுக்கு முன்னாடி டிரிப் அக்கவுண்டைத் திறந்து பாருங்க. பணம் இருந்தா தாராளமா போய் ஆடுங்க, திங்கட்கிழமை எந்தக் குற்ற உணர்ச்சியும் வேண்டாம். இல்லன்னா "அடுத்த தடவை வர்றேன்டா"ன்னு ஒரு வரி. அதுக்காக எந்த நண்பனும் உங்களை விட்டுப் போக மாட்டான்.

இந்தக் கணக்கை எக்செல்ல எப்படிப் போடறதுன்னு நம்ம சேனல் வீடியோவுல காட்டுறோம். உங்க கடைசி டிரிப்போட நிஜமான பில் எவ்ளோ வந்துச்சுன்னு அங்க சொல்லுங்க. மறைக்காம சொல்லணும்!