சுடுநீர்த் தாங்கியும் காப்புக் குழாயும்

வெந்நீர் வேண்டுமாயின் விறகடுப்பிற் கிடாரத்தை ஏற்றிய காலம் ஒன்றிருந்தது. கிடாரத்தின் வாய் திறந்தே இருக்கும்; நீர் எவ்வளவு கொதித்தாலும் ஆவி தன் வழியே போய்விடும். இன்றோ நம் குடாநாட்டு வீடுகள் பலவற்றிற் குளியலறைச் சுவரிலே மின்சாரச் சுடுநீர்த் தாங்கி இடம்பெற்றுவிட்டது. இத்தாங்கி வாய் மூடிய பாத்திரம் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நீர் சூடேறும்போது விரியும். 50 லீற்றர் நீரை 25 பாகை செல்சியசிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால், அதன் கனவளவு ஏறக்குறைய முக்கால் லீற்றர் கூடும். உட்புகும் குழாயில் நீர் திரும்பிச் செல்லாதபடி தடுக்கும் வால்வு இருக்குமாயின், கூடிய நீருக்குப் போக்கிடமில்லை, அமுக்கம் உயரும். வெப்பத்தை அளவோடு நிறுத்தும் கருவியும் பழுதடைந்தால், நீர் 100 பாகையைக் கடந்தும் கொதிக்காமற் சூடேறிக்கொண்டே போகும். அந்நிலையில் தாங்கி பிளந்தால், நீரின் ஒரு பகுதி கணப்பொழுதில் ஆவியாகித் தன் கனவளவைப்போல் ஆயிரத்தறுநூறு மடங்குக்கு மேற் பெருகும். 1982ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில், ஸ்பென்சர் என்னும் ஊரிலுள்ள ஆரம்பப் பாடசாலையொன்றிற் சுடுநீர்த் தாங்கி வெடித்து, மாணவர் அறுவரும் ஆசிரியர் ஒருவரும் மாண்டனர்.

இத்தகைய இடரைத் தடுப்பதே காப்பு வால்வு. 17ஆம் நூற்றாண்டில் டெனிஸ் பப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் ஆவிப் பாத்திரத்துக்கு இத்தகைய வால்வை அமைத்தார். நம் அடுக்களையிற் சீழ்க்கையடிக்கும் அமுக்கச் சமையற் பாத்திரமும் அதன் வழிவந்ததே. அமுக்கம் அளவு மீறினால் வால்வு தானே திறந்து நீரை வெளிவிடும்.

வெளிவரும் கொதிநீர் குளிப்பவர்மேற் பாயாது கீழே கொண்டுசெல்வது காப்புக் குழாயின் கடமை. 60 பாகைச் சூட்டு நீர் சில விநாடிகளிலேயே தோலைப் புண்ணாக்கிவிடும். குழந்தைகளின் மென்தோலுக்கு அதுவும் வேண்டியதில்லை. ஆதலால் அக்குழாய் வால்வின் வாயிலுஞ் சிறுத்திருத்தல் ஆகாது. வழிநெடுகக் கீழ்நோக்கிச் சரிந்திருத்தல் வேண்டும். இடையிலோ நுனியிலோ திருகுபிடியும் மூடியும் இருத்தல் கூடாது. நுனி நிலத்துக்கு அண்மையில், கண்ணுக்குத் தெரியுமாறு திறந்திருத்தல் வேண்டும். சாதாரண பீ.வீ.சீ. குழாய் வெப்பத்தில் இளகும். செப்புக் குழாயே தக்கது.

தாங்கி சூடேறும் வேளையில் இக்குழாயிற் சில துளிகள் சொட்டுவதுண்டு. இதனை ஒழுக்கெனக் கருதிக் கட்டையால் அடைத்துவிடுவோரும் உளர். இது கிடாரத்தின் வாயை ஈயத்தால் மூடி அடுப்பெரிப்பதற்கு ஒப்பாகும். சூடேறாத வேளையிலும் ஓயாமற் சொட்டுமாயின், தேர்ந்த குழாய்த் தொழிலாளரை அழைத்தலே முறை.

நம்மூருக்கென்றே ஒரு கவலையும் உண்டு. கொக்குவில் முதலாகக் குடாநாட்டுக் கிணறுகளிற் பல சுண்ணக்கற் பாறையிலே தோண்டப்பட்டவை. மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைக் கொண்ட மழைநீர் அப்பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. அந்நீரைச் சூடாக்கும்போது கரைந்த சுண்ணம் மீண்டும் படிகின்றது. தேநீர்க் கேத்திலின் அடியிற் காணும் வெண்பொருக்கு இதுவே. இப்பொருக்கு காப்பு வால்விற் படிந்தால், வேண்டிய வேளையில் அது திறவாது. ஆகவே ஆண்டுக்கொரு முறையேனும் மின்சாரத்தை நிறுத்தி, அறிந்த ஒருவரைக்கொண்டு வால்வை இயக்கிப் பார்ப்பது நன்று.

இல்லத்தலைவியரும் தலைவரும் இன்றே குளியலறைக்குச் சென்று அக்குழாயைத் தேடிப் பார்ப்பார்களாக. அது இல்லையெனின், அல்லது அதன் நுனி அடைபட்டிருப்பின், சீர்செய்யும்வரை தாங்கிக்கு மின்சாரம் கொடாதிருப்பார்களாக. அதுவரையில் அடுப்பு வெந்நீர் போதும்.