வளர்ப்பு நாய்களும் நீச்சலும்

வளர்ப்பு நாய்கள் நீரை விரும்புகின்றனவா, வெறுக்கின்றனவா என்ற கேள்விக்கு எல்லா நாய்களுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஏரியைக் கண்டதும் ஓடிப்போய்க் குதிக்கும் நாயும் உண்டு. வாசலில் தேங்கிய மழைநீரைக்கூடச் சுற்றிக்கொண்டு போகும் நாயும் உண்டு. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகள்கூட இதில் வேறுபடலாம்.

நாய்க்கு நீச்சல் பிறவியிலேயே வரும் என்பது பரவலான நம்பிக்கை. இதை நம்பி, நாயைத் தூக்கிக் குளத்திலோ கிணற்றிலோ போட்டு நீச்சல் பழக்க முயல்வோர் உள்ளனர். இது நாயின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நீரில் கால்களை அசைப்பது, மூழ்காமல் நீந்துவது, நீரை விரும்புவது ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. முதலாவது ஏறக்குறைய எல்லா நாய்களுக்கும் உண்டு. இரண்டாவது பெரும்பாலும் உடலமைப்பைப் பொறுத்தது. மூன்றாவதில் இனத்தின் இயல்போடு நாயின் அனுபவத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

நீரில் காலசைவு

நாய்கள் நீந்தும் முறையை அமெரிக்காவின் வெஸ்ட் செஸ்டர் பல்கலைக்கழக உயிரியலாளர் பிராங்க் பிஷ் ஆராய்ந்துள்ளார். வெவ்வேறு இன நாய்களை நீந்தவிட்டு, நீருக்கடியில் அவற்றின் காலசைவு படம் பிடிக்கப்பட்டது. அவை நிலத்தில் மெல்லோட்டமாக ஓடும் முறையிலேயே நீரிலும் கால்களை அசைத்தன. அதாவது முன் வலக்காலும் பின் இடக்காலும் ஏறத்தாழ ஒன்றாக நகர்கின்றன. அடுத்து முன் இடக்காலும் பின் வலக்காலும் நகர்கின்றன. நாய் நீந்தும்போது ஒரு வகையில் நீருக்குள் ஓடுகிறது எனலாம். எனவே ஓடத் தெரிந்த நாய்க்கு இந்த அசைவு தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

நாயின் மூதாதையான ஓநாயும் நீந்தக் கூடியதே. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடற்கரைப் பகுதியில் வாழும் ஓநாய்கள் தீவுக்குத் தீவு பல கிலோமீட்டர் நீந்திச் சென்று இரை தேடுகின்றன.

ஆனால் காலசைவு மட்டும் போதாது. மூக்கு நீருக்கு மேலே இருக்க வேண்டும். பின்புறம் அமிழாமல் உடல் கிடைமட்டமாக இருக்க வேண்டும். கரையேறும்வரை களைப்படையாமலும் இருக்க வேண்டும். இவை எல்லா நாய்களுக்கும் வாய்ப்பதில்லை.

நீரில் வேலை செய்த இனங்கள்

மனிதர் சில நாய் இனங்களை நீரில் வேலை செய்வதற்காகவே பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்த்தனர். இவற்றில் நீர் விருப்பம் பொதுவாக மிகுதி.

லாப்ரடார் ரெட்ரீவர்: இன்று உலகெங்கும் வீடுகளில் காணப்படும் இந்த இனத்தின் மூதாதைகள் கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களுடன் வாழ்ந்தவை. தூண்டிலிலிருந்து நழுவிய மீனைப் பிடிப்பதும், வலைக் கயிற்றைக் கரைக்கு இழுத்து வருவதும் அவற்றின் வேலைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, சுட்டு வீழ்த்திய வாத்துகளை நீரிலிருந்து கவ்வி வரப் பழக்கப்பட்டன. இங்கிலாந்தின் கென்னல் கிளப் 1903இல் லாப்ரடாரைத் தனி இனமாக ஏற்றது. நீர் எளிதில் ஊறாத இரட்டை அடுக்கு மயிரும், அடி பருத்து நுனி சிறுத்த வாலும் இதன் அடையாளங்கள். நீந்தும்போது வால் படகின் சுக்கான் போலத் திசை திருப்ப உதவுகிறது. இவ்வாலை நீர்நாயின் வாலுக்கு ஒப்பிடுவது வழக்கம். (தமிழில் நீர்நாய் எனப்படும் விலங்கு நாய் இனத்தைச் சேர்ந்ததன்று, அது கீரி, மரநாய் போன்ற தோற்றமுள்ள தனி விலங்கு.)

நியூபவுண்ட்லாந்து நாய்: அதே தீவைச் சேர்ந்த பேருருவ இனம். ஆண் நாய் 60 முதல் 70 கிலோ வரை எடை இருக்கும். கால்விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வு எல்லா நாய்களுக்கும் ஓரளவு உண்டு என்றாலும், இந்த இனத்தில் அது நன்கு வளர்ந்து துடுப்பு போல் பயன்படுகிறது. 1803இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் புறப்பட்ட மெரிவெதர் லூயிஸ், சீமேன் என்ற பெயருடைய இவ்வின நாயை 20 டாலருக்கு வாங்கிச் சென்றார். ஒகையோ ஆற்றை நீந்திக் கடந்துகொண்டிருந்த அணில்களை அந்த நாய் நீரில் பாய்ந்து பிடித்து வந்ததை அவர் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். இத்தாலியில் இன்றும் இவ்வின நாய்கள் கடற்கரை மீட்புப் பணிக்குப் பயிற்றுவிக்கப்படுகின்றன.

போர்த்துகீசிய வாட்டர் டாக்: போர்ச்சுகல் மீனவர்கள் மீன்களை வலைக்குள் விரட்டவும், ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குச் செய்தி கொண்டு செல்லவும் இதைப் பயன்படுத்தினர். மீன்பிடி முறைகள் மாறியதும் இதன் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. 1930களில் வாஸ்கோ பென்சாவுதே என்பவர் எஞ்சிய நாய்களைக் கொண்டு இந்த இனத்தை மீட்டெடுக்க முயன்றார். 2009இல் அமெரிக்க அதிபர் பராக் ஒபாமாவின் குடும்பத்துக்கு வந்த போ என்ற நாய் இந்த இனத்தைச் சேர்ந்தது.

பூடில்: இன்று அழகு நாயாக அறியப்படும் பூடிலும் தொடக்கத்தில் நீர்ப்பறவை வேட்டைக்கு உதவிய நாயே. நீரில் தளும்புதல் என்ற பொருள் தரும் ஜெர்மன் சொல்லிலிருந்து இதன் பெயர் வந்தது. நீந்த எளிதாக இருக்க உடல் மயிரைக் கத்தரித்து, குளிர் தாக்காதிருக்க மார்பிலும் மூட்டுகளிலும் மட்டும் விட்டுவைத்த வழக்கமே பின்னாளில் அதன் விசித்திர முடியலங்காரமாக வளர்ந்தது என்பர்.

நீந்த இடர்ப்படும் இனங்கள்

புல்டாக், பக், பிரெஞ்சு புல்டாக் ஆகியவை முகம் தட்டையான நாய்கள். இவற்றின் மூச்சுப்பாதை குறுகியது; நிலத்தில் ஓடினாலே மூச்சு வாங்கும். நீரில் மூக்கை மேலே வைத்திருக்க இவை தலையை மிகவும் அண்ணாந்து தூக்க வேண்டியிருக்கிறது. அப்படித் தூக்கும்போது பின்புறம் கீழே இறங்கி, உடல் செங்குத்தாக நின்று மூழ்கத் தொடங்கும். புல்டாக்கின் பெரிய தலையும் கனத்த மார்பும் இதை மேலும் கடினமாக்குகின்றன.

டாக்ஸ்ஹண்ட், பாசெட் ஹவுண்ட் போன்றவற்றுக்கு உடல் நீளம், கால்கள் குட்டை. எவ்வளவு வேகமாக அசைத்தாலும் கால் தள்ளும் நீரின் அளவு குறைவு, விரைவில் களைத்துவிடும்.

கிரேஹவுண்ட் போன்ற வேட்டை நாய்களின் நிலை வேறு. இவை வேகமாக ஓடுவதற்கென்று அமைந்த ஒல்லியான உடல் கொண்டவை. கொழுப்பு குறைவாதலால் எளிதில் மிதப்பதில்லை. மயிர் மிகக் குட்டையாதலால் விரைவில் குளிர்ந்துவிடும். தமிழகத்தின் சிப்பிப்பாறை, கன்னி இனங்களும் இதே உடல்வாகு கொண்டவை. வறண்ட நிலத்தில் முயல் வேட்டைக்கு வளர்க்கப்பட்ட இவை நீரைக் கண்டு தயங்கினால் அதில் வியப்பில்லை.

இவை யாவும் பொதுவான போக்குகளே. நீருக்கு அஞ்சும் லாப்ரடாரும் உண்டு. விருப்பத்தோடு நீந்தும் சிறு நாய்களும் உண்டு.

விருப்பமும் அச்சமும் அமையும் விதம்

குட்டிக்கு ஏறத்தாழ 3 வாரம் முதல் 14 வாரம் வரையிலான பருவம் முக்கியமானது. இக்காலத்தில் அச்சமின்றிப் பழகியவற்றை நாய் பின்னாளிலும் இயல்பாக ஏற்கும். ஒரு தட்டில் ஆழமில்லாத நீர் வைத்து விளையாடவிட்ட குட்டிக்கு நீர் புதியதாகத் தோன்றாது. அதேபோல் ஒருமுறை மூழ்கித் தவித்த நாய் அந்த அனுபவத்தை நெடுநாள் மறப்பதில்லை.

ஆற்றில் மகிழ்ச்சியாக நீந்தும் நாய், குளிப்பாட்டும்போது ஓடி ஒளிவதைப் பலர் கண்டிருப்பர். இது முரண்பாடன்று. ஆற்றில் இறங்குவதும் ஏறுவதும் நாயின் விருப்பம். குளியலறையிலோ கால் வழுக்கும் தரை, குழாயின் இரைச்சல், சோப்பின் மணம், பிடித்து நிறுத்தும் கைகள் ஆகியவை ஒன்றுசேர்கின்றன. நாய் வெறுப்பது பெரும்பாலும் நீரையன்று, தப்ப வழியில்லாத நிலையை. காலடியில் ஒரு சாக்கை விரித்து, வெதுவெதுப்பான நீரை மெதுவாக ஊற்றினாலே பல நாய்கள் அமைதியாகின்றன.

முன்பு நீரை விரும்பிய நாய் திடீரென விலகினால் காரணம் தேட வேண்டும். காதில் சீழ், தோலில் புண், மூட்டு வலி ஆகியவை காரணமாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

நீர் விலக்கமும் வெறிநோயும்

வெறிநோய் எனப்படும் ரேபிஸ், நீர்வெறுப்பு நோய் என்றும் வழங்கப்படுகிறது. இப்பெயரால் இரண்டு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. நீரைக் கண்டு ஒதுங்கும் நாய்க்கு வெறி என்பது ஒன்று. நீர் குடிக்கும் நாய்க்கு வெறி இல்லை என்பது மற்றொன்று. இவற்றுள் இரண்டாவது மிகவும் ஆபத்தானது.

நீரைக் கண்டதும் தொண்டைத் தசைகள் இழுத்துக்கொண்டு அஞ்சுவது, நோயுற்ற மனிதரிடம் காணப்படும் அறிகுறி. நாயிடம் இது உறுதியான அடையாளமன்று. நோயுற்ற நாய் நீரின் அருகே போகலாம், குடிக்கவும் முயலலாம். எனவே கடித்த நாய் நீர் குடிக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. கடிபட்ட இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

நீச்சல் பழக்கும் முறை

நாயை ஒருபோதும் நீரில் தூக்கிப் போடக் கூடாது. பின்வரும் படிகள் பாதுகாப்பானவை.

1. கரை சரிவாக உள்ள, ஓட்டமில்லாத, ஆழம் குறைந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தல்.
2. உரிமையாளர் முதலில் இறங்கி நின்று, நாய் தானாக வரும்வரை காத்திருத்தல். பழகிய வேறொரு நாய் உடன் இருந்தால் எளிது.
3. கைப்பிடி உள்ள மிதவைச் சட்டை அணிவித்தல். தட்டையான முகமும் குட்டைக் காலும் உள்ள நாய்களுக்கு இது கட்டாயம்.
4. ஆழத்துக்குப் போகும்போது வயிற்றின் கீழ் கை கொடுத்துப் பின்புறத்தைத் தாங்குதல்.
5. கரையேறும் வழியை நாய்க்குத் திரும்பத் திரும்பக் காட்டுதல்.
6. முதல் நாட்களில் சில நிமிடங்களோடு நிறுத்துதல்.

வாலைக் காலிடுக்கில் செருகுதல், காதைப் பின்னே மடித்தல், உதட்டை அடிக்கடி நக்குதல், கரையை நோக்கியே திரும்புதல் ஆகியவை அச்சத்தின் அறிகுறிகள். அப்போது நிறுத்திவிட வேண்டும். தானாக மீண்டும் நீருக்குத் திரும்பும் நாயே நீரை விரும்பும் நாய்.

இடர்களும் கவனிக்க வேண்டியவையும்

நன்றாக நீந்தும் நாயும் வெளியேற வழியில்லாத இடத்தில் இறந்துபோகும். செங்குத்தான சுவருள்ள கிணறு, கல்குவாரிக் குட்டை, படி இல்லாத நீச்சல் குளம் ஆகியவை இத்தகையவை. நாய் நீந்திக்கொண்டே கரையைத் தேடி, களைத்து மூழ்கும். வீட்டுக் கிணற்றுக்கு மூடியும், குளத்துக்குப் படியும் அவசியம்.

நீரில் எறிந்த பந்தை நெடுநேரம் கவ்வி வரும் நாய் அதிக நீரை விழுங்கிவிடலாம். இதனால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தள்ளாட்டம், வாந்தி, வலிப்பு ஏற்பட்டு உயிரும் போகலாம். கடல்நீரைக் குடித்தால் மாறாக உப்பு மிகுந்து வாந்தியும் கழிச்சலும் வரும். எனவே அடிக்கடி ஓய்வும் குடிக்க நல்ல நீரும் தர வேண்டும். பச்சைப் படலம் மிதக்கும் தேங்கிய நீரில் நச்சுப் பாசி இருக்கலாம். அதில் நாயை இறக்கக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த மழைநீரால் எலிக்காய்ச்சல் பரவும். இது நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். இதற்கு நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு.

மூழ்கி மீட்கப்பட்ட நாய் நலமாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நுரையீரலில் புகுந்த நீரின் விளைவு சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம்.

நீந்திய பின்

கரையேறிய நாய் உடலை உதறுவது வெறும் வழக்கமன்று. சில நொடிகள் உதறினாலே மயிரில் உள்ள நீரில் சுமார் 70 விழுக்காடு வெளியேறிவிடுவதாக 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஈர மயிர் உடல் வெப்பத்தை விரைவாக இழக்கச் செய்வதால் நாய்க்கு இது மிகவும் பயன்படும் செயலாகும். எஞ்சிய ஈரத்தைத் துணியால் துடைத்து, உப்புநீரிலோ குளோரின் கலந்த நீரிலோ நீந்தியிருந்தால் நல்ல நீரில் அலசிவிட வேண்டும். தொங்கும் காதுள்ள நாய்களுக்குக் காதின் உட்புறத்தை உலர்த்தாவிட்டால் சீழ் பிடிக்கும்.

நீந்தாத நாய்க்கு எந்தக் குறையும் இல்லை. நடையும் ஓட்டமும் விளையாட்டும் அதற்குப் போதுமான உடற்பயிற்சி. நீருக்குள் இறங்குவதா வேண்டாமா என்பதை நாயின் விருப்பத்துக்கு விட்டு, அது பத்திரமாகக் கரையேறுவதை உறுதி செய்வதே வளர்ப்பவரின் பொறுப்பாகும்.